புள்ளடி

சபையிலிருந்து பெட்டி வரவில்லை.
பிஸ்கற் தகரமொன்றின் மூடியை
கத்தியால் கீறி நான்தான் வாய் வைத்தேன்.

ஒட்டுசுட்டான் தாண்டி, மூன்றாவது மதகடி,
பொதுநோக்கு மண்டபம், ஞாயிறு காலை எட்டு.
போட்டோக்கொப்பியில் கொஞ்சம் சரிந்து விழுந்த கேள்வி:

'குகேந்திரன் என்பவரது கடையில்
கேளிக்கை விளையாட்டு இயந்திரங்கள் ஆறிற்கு
அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவதை
இக்கிராம மக்கள் ஆட்சேபிக்கவில்லையா?
ஆம். இல்லை.'

ஆட்சேபிக்கவில்லையா.
செயலாளர் சொன்னார், நான் தட்டினேன்.
இரண்டு பேருக்கும் அன்றைக்கு விளங்கித்தான் இருந்தது.

இந்த மண்டபத்தில் இதற்கு முன்
பெயர் கூப்பிட்டது தறப்பாளுக்கு.
பிறகு கூரைத் தகரத்துக்கு, கோழிக்குஞ்சுக்கு,
ஒருமுறை, காணாமல் போனவர்களின் படிவத்துக்கு.
வரிசை பழகிய சனம்.
கேட்க முன்னமே அடையாள அட்டை கையில்.
விளையாட விருப்பமோ என்று
ஆரும் இதுவரை கேட்டதில்லை.
சிலர் சிரித்தார்கள். ஒருவர்
'இதுக்கு ஆள் பதியிறீங்களோ' என்றார்.

பவளராணி வாசலை விட்டு அசையவில்லை.
நூறு யார் தள்ளி நில் என்றேன்.
அளந்து காட்டு என்றாள்.
'வெள்ளிக்கிழமை லோன்காரப் பெடியன் வருவான்.
வியாழன் பின்னேரம் இந்த மனிசன் மெசினோடை நிப்பார்.
தவணைக்குக் கரடிப் பொம்மையைக் குடுக்கலாமோ?'

குகேந்திரன் ஒன்பது வருசம்
டோகாவில் ஒரு விளையாட்டுக் கூடத்தில்
பிள்ளைகள் சிந்திய ஜூஸைத் துடைத்தவன்.
'சூதில்லை அக்கா. சூதெண்டால் காசு திரும்பி வரும்.
இதிலை ஒருக்காலும் வராது.'
அந்த ஒரு வசனத்தால்
பவளராணிக்குப் பத்து வாக்காவது கூடியிருக்கும்.

பத்தரைக்குச் சுகிர்தமலர்.
பதினொரு வருசமாய் கண்ணிவெடி அகற்றுகிறவள்,
வெயில் தலைக்கவசம் வரைக்கும்தான் கறுப்பித்திருக்கிறது.
கேளாமலே சொன்னாள்:
'அந்த மெசின் கத்துறதைக் கேட்டனியோ?
எங்கடை கருவி கத்துற அதே சத்தம்.
அது கத்தினால் மூச்சை நிப்பாட்டிப்போட்டு
முழங்காலிலை இருந்து மண்ணைத் தட்டுவன்.
இது கத்தினால் கரடி தருதாம்.
எனக்கு ஒருக்கா அப்பிடி வேணும்.'
வாக்கு இரகசியம் அக்கா, என்றேன்.
'ஓ' என்று சேலைத் திரைக்குள் போனாள்.

நாலு மணிக்குத் தகரத்தைக் கவிழ்த்தோம்.
இருநூற்று இருபத்தொன்று.
ஆம், தொண்ணூற்றெட்டு.
இல்லை, நூற்று நான்கு.
செல்லாதவை பத்தொன்பது:
ஒன்றில் 'முதல் றோட்டைப் போடுங்கோ.'
ஒன்றில் கரடி, கண் இரண்டுக்கும் புள்ளடி.
மிச்சத்தில் பாதிப்பேர்
ஆமையும் தொடவில்லை இல்லையையும் தொடவில்லை,
கேள்வியின் மேலேயே குறுக்காக இரண்டு கோடு.
கொப்பியில் பிழைக்கு வாத்தியார் போடுவதும்
தேர்தலில் விருப்பத்துக்கு நாங்கள் போடுவதும்
அதே குறிதானே.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'இல்லை எண்டால்... ஆட்சேபனை இல்லை எண்டுதானே?'
'இல்லை சேர்.'
'எது இல்லை?'
பவளராணி சொன்னாள் வெண்டது தாங்கள் என்று.
குகேந்திரன் சொன்னான் நன்றி.
இரண்டு பக்கமும் வெடி கொளுத்தப் போய்
பொலிஸ்காரர் வேண்டாம் என்று மறித்துவிட்டார்.

தகரத்தைச் சீலையால் கட்டி அரக்கு வைத்தேன்.
விளக்கம் கேட்டுச் சபைக்குக் கடிதம்.
பதில் வர மழைக்காலம் வந்துவிடும்.

இருட்டுகிற நேரம் கடையில் வெளிச்சம்.
வோல்டேஜ் பார்க்கிறதுக்கு மட்டும், என்றான்.
அதற்குள் அறுபது பேர்.
நகம் போல மூன்று விரல்
இறங்கி, கரடியின் காதைத் தொட்டு,
வெறுங்கையாய் ஏறும்.

சுகிர்தமலரைக் காணவில்லை.
விடிய நாலரைக்கு அவளுக்கு வேலை வாகனம்.

கண்ணாடியோடு ஒட்டி பவளராணி நின்றாள்,
சபைக்குக் குடுக்க என்று
தவறுகிறதை எல்லாம் எண்ணிக்கொண்டு.
பதினாறு. பதினேழு.
பதினெட்டில் விரல் கரடியைக் கவ்விப் பாதி தூக்க,
எண்ணிக்கை விட்டுப்போய்
'விடாதை, விடாதை' என்று கத்தினாள்.